பனங்கிழங்கு மெல்ல முடியாத தை மாதம்

என் வலது கண் 2023 பிப்ரவரியில் ஒரே இரவில் போனது. படுக்கும்போது பார்வை இருந்தது, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது இல்லை. வலி, சிவப்பு, நீர் வடிதல் எதுவும் கிடையாது. அப்போது எனக்கு வயது 68. தொடக்கப்பள்ளியில் 34 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். மண்டபத்துக்கு மேற்கே கடலை ஒட்டிய கிராமம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மருமகளும் பேரனும் என்னோடு.

கண் எப்படிப் போனது என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். இரத்தக் குழாயில் வரும் ஒரு நோய் அது; அதைத் தோளிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையில் எழுந்தால் இரண்டு தோளும் பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருக்கும். ஈரத் துணியைக் கொடியில் போடக் கை உயராது. பத்து மணிக்கு மேல் தானாக இளகிவிடும். வாடைக்காற்று அப்படித்தான் செய்யும் என்று தெருவே சொன்னது, நானும் நம்பினேன். ராமநாதபுரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற தேய்மானம் என்றார். தைலம் தேய்த்துக்கொண்டேன்.

மார்கழியில் தலைவலி வந்தது. எனக்குத் தலைவலி புதிதில்லை; 40 பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். இது வேறு மாதிரி. வலது நெற்றிப்பொட்டில் மட்டும், இரவும் பகலும். சீப்பு பட்டால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் எரிந்தது. அந்தப் பக்கம் தலையணையில் சாய முடியாது. கொண்டை ஊசி குத்த முடியாமல் முடியைத் தளர முடிந்துகொண்டு திரிந்தேன். பேரன் ஒருநாள் மடியில் ஏறி உட்கார்ந்து என் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தவன், "அப்பத்தா, இங்கே மண்புழு இருக்கிறது" என்றான். தொட்டுப் பார்த்தேன். நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு கயிறு மாதிரி திரண்டு, நெளிந்து, தொட்டால் வலித்தது. எல்லாருக்கும் இருக்கிற நரம்புதானே என்று கையை எடுத்துவிட்டேன்.

பிறகு தை. பொங்கலுக்குச் சாயல்குடியிலிருந்து என் அண்ணன் வழக்கம்போல ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்தனுப்பினார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, பிளந்து, நடுத்தண்டை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தாறு கடி மென்றிருப்பேன், தாடை களைத்துப்போனது. பல்லில் வலி இல்லை. காதுக்கு முன்னால் சதை கடுத்தது, நெடுந்தூரம் நடந்தால் கெண்டைக்கால் கடுக்குமே, அப்படி. மெல்லுவதை நிறுத்தினேன், ஒரு நிமிடத்தில் விட்டது. மறுபடி மென்றேன், மறுபடி வந்தது. அரைக் கிழங்கோடு தட்டைத் தள்ளி வைத்தேன். பனங்கிழங்கை நான் தள்ளி வைத்ததை அந்த வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பல் மருத்துவரிடம் போனேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். நல்ல பல். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவரிடம் நான் சொன்னது தாடையை மட்டும்தான். சீப்பு பட்டால் எரிகிறது என்று பல் மருத்துவரிடம் யார் சொல்வார்கள்?

இங்கேதான் என் தவறு இருந்தது. உடம்பைப் பங்கு போட்டுக் காட்டினேன். தோள் எலும்பு மருத்துவருக்கு, தாடை பல் மருத்துவருக்கு, தலைவலி மருந்துக் கடைக்கு. மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்ததையும், அந்தியில் மேல் கதகதவென்று இருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. "அத்தை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, எல்லாவற்றையும் பிடித்துத் தைக்க வேண்டும்" என்று மருமகள் சொன்னபோது, சர்க்கரை இல்லாத உடம்பு இளைத்தால் நல்லதுதானே என்றேன்.

மருந்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தலைவலி என்று போய் நின்றால் நான்கு உதிரி மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள், இரண்டு வேளைக்கு. பெயர் இராது, சீட்டு இராது. அதைப் போட்ட நாளில் தலைவலி மட்டுமா, தோள்கூட இறகுபோல் ஆனது. மூன்று நாள் கழித்து எல்லாம் திரும்ப வந்தது. அந்தப் பொட்டலத்தில் ஸ்டெராய்டு மாத்திரை ஒன்று கலந்திருக்கலாம் என்று மதுரையில் மருத்துவர் சந்தேகப்பட்டார். நோயை அடக்கப் போதாது, அடையாளத்தை மறைக்கப் போதும்.

கண் போவதற்கு நான்கு நாள் முன்பு திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் மேலிருந்து சாம்பல் நிறத் திரை ஒன்று இறங்கியது. எழுத்து மறைந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன். ஐந்து நிமிடம் இருக்கும், திரை விலகிவிட்டது. மீதிச் செய்தியைப் படித்து முடித்தேன். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், மாசி மகம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து நிமிடம்தான் கடைசி எச்சரிக்கை. அன்றே வண்டி ஏறியிருந்தால் கண் பெரும்பாலும் நின்றிருக்கும். பார்வை மங்கித் திரும்பி வந்தால் சரியாகிவிட்டது என்று பொருளில்லை, இரத்தம் ஒரு தடவை நின்று ஓடியிருக்கிறது என்றுதான் பொருள். 50 வயதுக்கு மேல் யாருக்கு இப்படி வந்தாலும், அது பக்கவாதமாகவும் இருக்கலாம், இந்த நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே அன்றைக்கே மருத்துவமனை.

அந்த விடியற்காலையில் விளக்கைப் போட்டதும் சுவரில் தினசரி காலண்டர் அரையாகத் தெரிந்தது. இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். கருப்பாக இல்லை. அடுப்பு ஊதிய அறையில் புகை நிற்குமே, அப்படி ஒரு சாம்பல். கீழ் மூலையில் மட்டும் நகக்கண் அளவு வெளிச்சம். மருமகளைக் கூப்பிடும்போது என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

அதன் பிறகும் ஒரு பகல், ஓர் இரவை வீணாக்கினோம். பக்கத்து வீட்டு அக்காள் நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்து கண்ணில் ஒற்றினார். கண்ணாடிக் கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றியிருக்கிறது, அவசரமில்லை என்றார். புரை ஒரே இரவில் முற்றாது என்று இன்று எனக்குத் தெரியும். நம்மில் கண் தெரியவில்லை என்றால் புரை, கை தூக்க முடியவில்லை என்றால் வாதம், தலை வலித்தால் நீர்க்கோவை. பெயர் வைத்துவிட்டால் பாதி நோய் போய்விட்டது என்ற நிம்மதி.

மறுநாள் காலையில் மகன் தொலைபேசியில் போட்ட சத்தத்தில் கார் பிடித்தோம். மண்டபத்திலிருந்து மதுரை மூன்று மணி நேரப் பயணம். பரமக்குடி தாண்டும்போது இடது கண்ணிலும் ஒரு நொடி ஏதோ மங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள் என் கையை விடவே இல்லை.

கண் மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகள் வயதுகூட இராது. வெளிச்சத்தை இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் மாற்றி மாற்றி அடித்தார். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா, தலை சீவும்போது வலிக்கிறதா?"

"ஆமாம்."

"சாப்பிடும்போது தாடை களைத்துப்போகிறதா?"

நான் மருமகளைப் பார்த்தேன்.

"காலையில் கையைத் தூக்கச் சிரமமா? எடை குறைந்ததா?"

நான்கு கேள்வியில் மூன்று மாதம் முழுவதும் அந்த மேசைக்கு வந்துவிட்டது. வெவ்வேறு வகுப்பில் பெயர் எழுதி வைத்திருந்த பிள்ளைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அன்றுதான் தெரிந்தது.

நோயின் பெயர் ஜெயண்ட் செல் ஆர்டிரைட்டிஸ். தமிழில் பெருஞ்செல் தமனி அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த இரத்தக் குழாயின் சுவரையே தாக்குகிறது. சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. பெரும்பாலும் கழுத்திலிருந்து தலைக்கு ஏறும் தமனிகளில். எங்கள் மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனம் தெரிந்த எவருக்கும் மீதியைச் சொல்ல வேண்டாம்: மடை குறுகினால் முதலில் கருகுவது கடைமடை. மெல்லும்போது தாடைச் சதைக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும், வரவில்லை, அதனால் களைப்பு. தலைத்தோலுக்கு வரவில்லை, அதனால் எரிச்சல். கண் நரம்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் கொண்டுவரும் சன்னக் குழாய்கள் அடைபட்டால் நரம்பு பட்டுப்போகிறது, அது மறுபடி துளிர்ப்பதில்லை. உள்ளே பார்த்தபோது என் வலது கண் நரம்பு சுண்ணாம்புபோல் வெளுத்து வீங்கியிருந்ததாம்.

50 வயதுக்குக் கீழே இது வருவதில்லை என்றே சொல்லலாம். 70-ஐ ஒட்டிய வயதில்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு. வட ஐரோப்பியர்களிடம் அதிகமாகவும் நம்மிடம் குறைவாகவும் காணப்படுவதால் நம் பக்கத்து மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. 1890-இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர், நெற்றிப்பொட்டுத் தமனி சிவந்து வலித்ததால் தொப்பி அணிய முடியாமல் போன ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்குத் தொப்பி, எனக்குக் கொண்டை ஊசி. இளம் பெண்களுக்கு வரும் தமனி அழற்சி வேறு. அதற்கு 1908-இல் அதைக் கண்ணில் கண்டு சொன்ன ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசுவின் பெயர். ஒரு கையில் நாடி கிடைக்காமல் போவது, இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் வெகுவாக வேறுபடுவது அதன் அடையாளம். நம் நாட்டில் அதையும் மறக்கக் கூடாது என்று பின்னால், இந்த மாதிரி அழற்சி நோய்களைப் பார்க்கும் வாத நோய் மருத்துவர் சொன்னார்.

அன்று மாலையே இரத்தப் பரிசோதனை வந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற எண் 104, மிக அதிகம்; அதே வகையான சிஆர்பி எண்ணும் ஏறியிருந்தது, இரத்தச் சோகை. ஈஎஸ்ஆர் என்பது எந்தச் சிறிய ஆய்வகத்திலும் சில மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடிய மலிவான பரிசோதனை. மூன்று மாதத்தில் ஒருவராவது அதை எழுதிக் கொடுத்திருக்கலாம், அல்லது எழுதிக் கொடுக்கத் தேவையான சேதியை நான் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும்தான் எழுதுகிறேன்.

நெற்றிப்பொட்டிலிருந்து தமனியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால் நோயை உறுதி செய்யலாம். ஆனால் அதற்கு அந்தக் கண் மருத்துவர் காத்திருக்கவில்லை. அன்று இரவே ஸ்டெராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள், நாளொன்றுக்கு ஒரு கிராம், மூன்று நாள். "துண்டு எடுப்பது நாலைந்து நாள் கழித்தும் எடுக்கலாம், அடையாளம் இரண்டு வாரம் வரைக்கும் தெரியும். இடது கண் அதுவரை காத்திருக்காது" என்றார். மருந்து தராமல் விட்டால் மறு கண்ணும் சில நாளில், சில வாரத்தில் போவது சாதாரணம் என்று அவர் சொல்லக் கேட்டபோது பரமக்குடியைச் சொன்னேன். அவர் எதையோ அடிக்கோடிட்டு எழுதினார்.

துண்டு எடுத்தது கூந்தல் ஓரத்தில், மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடிந்தது. சோதனையில் அழற்சி தெரிந்தது. சிலருக்குத் தெரியாமலும் போகலாமாம், அழற்சி குழாய் நெடுக இல்லாமல் விட்டு விட்டு இருப்பதால். அறிகுறி பொருந்தினால் அப்போதும் மருந்தை நிறுத்த மாட்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் தலைவலி விட்டிருந்தது. மூன்றாம் நாள் கை தானாக உயர்ந்தது. மருமகள் சீப்பை எடுத்துப் பயந்து பயந்து சீவினாள். வலிக்கவில்லை. வலது கண்ணில் அந்த நகக்கண் வெளிச்சம் மட்டும் அப்படியே நின்றது, இன்றும் அவ்வளவுதான். இடது கண் தப்பியது.

வீட்டுக்கு வந்தது நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரையோடு. கண்ணைக் காத்த மருந்து உடம்பில் மற்ற எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. மூன்றாவது வாரம் சர்க்கரை 300-ஐத் தாண்டி, இன்சுலின் போட வேண்டியதாயிற்று. முகம் பௌர்ணமியாக உருண்டது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் விளக்குவேன், தூக்கம் கிட்டே வராது. மருந்து முழுவதையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாகப் போட்டால் தூக்கத் தொல்லை கொஞ்சம் குறையும். நான் முதல் வாரம் மறந்துபோய் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தேன். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தினமும். அதோடு வாரம் ஒரு மாத்திரை: வெறும் வயிற்றில் ஒரு செம்பு தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கருவாட்டை விடச் சொன்னதுதான் பெரிய தண்டனை. இரத்த அழுத்தமும் ஏறியிருந்ததால் உப்பே ஆகாது என்றுவிட்டார்கள். எங்கள் தெருவில் காற்றில்கூட உப்பிருக்கிறது, எதை விடுவது?

பத்து மாதம் கழித்து 7.5 மில்லிகிராமுக்கு இறங்கியபோது ஒரு காலையில் மறுபடி தோள் பூட்டிக்கொண்டது. இந்தத் தடவை வாடைக்காற்றின் மேல் பழி போடவில்லை. அன்றே தொலைபேசியில் சொன்னேன். அளவைக் கூட்டி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்தார்கள். அது வாரம் ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் எனக்கு அது வியாழக்கிழமை மாத்திரை. டப்பா தனி, இடம் தனி, போட்டதும் காலண்டர் தாளில் ஒரு சுழி. டோசிலிசுமாப் என்ற ஊசி இந்த நோய்க்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு இங்கும் கிடைக்கிறது, ஸ்டெராய்டின் அளவைக் குறைக்க உதவும். விலை என் ஓய்வூதியத்துக்கு எட்டவில்லை. அதைத் தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கினால் சிஆர்பி எண் இறங்கியே இருக்கும் என்பதால் நோய் திரும்புவதை அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. எப்படியும் எண்ணைவிட என் தோள்தான் எனக்கு முந்திச் சொல்கிறது.

ஒற்றைக் கண்ணோடு வாழப் பழகியதைத் தனியாகவே எழுதலாம். முதலில் தொலைவு போய்விட்டது. டம்ளர் அங்கே இருக்கிறது என்று காபியை ஊற்றுவேன், மேசையில் ஓடும். இப்போது பாத்திரத்தின் மூக்கு டம்ளர் விளிம்பைத் தொட்டு 'டிங்' என்று கேட்ட பிறகுதான் சாய்க்கிறேன். வாசல் படி மூன்றின் ஓரத்திலும் மருமகள் சுண்ணாம்பில் பட்டையாகக் கோடு இழுத்துவிட்டாள். இறங்கும் பயம் அன்றோடு போனது. சாலையில் வலப்பக்கம் வருகிற வண்டி எனக்குக் கிடையாது என்றே வைத்துக்கொண்டு, முழுக் கழுத்தையும் திருப்பிப் பார்த்தபின் காலை எடுக்கிறேன். கூட நடப்பவரை வலப்பக்கம் வரச் சொல்கிறேன். மீனில் முள் எடுப்பதுதான் பெரும்பாடு. சூடையை விட்டுவிட்டேன். பாறை, சீலா என்றால் துண்டைப் பிட்டு விரல் நுனியால் தடவித் தடவி எடுத்துவிட்டு வாயில் வைக்கிறேன். கண்ணைவிட விரல் நம்பகமானது என்று 70 வயதில் தெரிந்துகொண்டேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு கண் முழுதாகப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். பெரும்பாலான சலுகைக்கு 40 வேண்டும். சலுகைக்குப் பத்துக் குறைகிறது என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துத் திரும்பினேன்.

இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும் ஒரு தாள் கொண்டுபோகிறேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை, எங்கே என்ன, எந்தத் தேதியிலிருந்து, சம்பந்தமில்லை என்று தோன்றுவதும் சேர்த்து. காது வலிக்குப் போனாலும் தாள் அதேதான். போன வருடம் பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்தி, 60-ஐத் தாண்டியவள், "டீச்சர், முக்காடு போட்டால் தலை எரிகிறது" என்று போகிற போக்கில் சொன்னாள். நிறுத்தி வைத்துக் கேட்டேன், மெல்லும்போது தாடை எப்படி என்று. தாடை நன்றாகவே இருந்தது. ஈஎஸ்ஆர் எடுக்கச் சொல்லித் தாள் எழுதிக் கொடுத்தேன். 22 வந்தது. வெறும் வெயில்தான். நூறு ரூபாய்க்கு மேல் செலவு வைத்துவிட்டேன் என்று அவள் இன்னும் குறை சொல்கிறாள், சொல்லட்டும்.

இப்போது 5 மில்லிகிராமில் இருக்கிறேன். இத்தனை மாதம் போட்டபின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும் என்பதால், வாந்தியோ காய்ச்சலோ வந்து மருந்தை ஒரேயடியாக விட்டால் மயங்கி விழுந்துவிடுவேன். அதனால் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கிறது. நோயின் பெயர், மருந்தின் அளவு, மகன் எண், கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ஸ்டெராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருமகள்தான் எழுதினாள். 'நிறுத்த' என்பதில் றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டிருந்தாள். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்து, அடியில் மூன்று தடவை எழுதச் சொன்னேன்.